லின் கேட்ட புதன்கிழமை

போன புதன்கிழமை வேலையிடத்தில் ஒரு கேக் வெட்டினேன். அது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. யாருக்கு எந்த நாள் வேலை என்று அட்டவணை போடுவதும் நான்தான். சின்ன அதிகாரம்... ஆனால் அதுவும் மண்டைக்கு ஏறும், இல்லையா?

கூட வேலை செய்யும் லின் சீனாவில் பிறந்தவர். இரண்டு வாரம் முன்பு வந்து, "புதன்கிழமை காலை மட்டும் லீவு வேண்டும். சிங்மிங் நாள்" என்றார். ஏதோ சீனப் பண்டிகை என்று எடுத்துக்கொண்டேன். பெப்ரவரியில்தானே உங்கள் புத்தாண்டு முடிந்தது, அதற்குள் இன்னொன்றா? கேட்டே விட்டேன். அதோடு பெரிய மனதோடு ஓர் ஆலோசனை வேறு — "சனிக்கிழமை கொண்டாடலாமே!"

நாங்கள் அப்படித்தானே செய்கிறோம்? பொங்கலோ தீபாவளியோ, மண்டபம் எந்தச் சனிக்கிழமை கிடைக்கிறதோ அன்றுதான் ஒஸ்லோத் தமிழருக்குப் பண்டிகை. சூரியனே எங்களுக்காக ஒரு வாரம் காத்திருக்கும்!

லின் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

லீவு கொடுக்காதது கொஞ்சம் உறுத்தியது. அதனால் புதன்கிழமை கேக் வாங்கினேன். காலைத் தேநீருக்கு எல்லோரையும் கூப்பிட்டு, "லின்னுக்குத் திருநாள் வாழ்த்துகள்!" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். லின் ஈரக் கையைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்.

சிங்மிங் என்பது கல்லறைக்குப் போகும் நாள். ஏப்ரல் நான்கு, ஐந்து வாக்கில் வரும். புல்லைப் பிடுங்கி, கல்லைத் துடைத்து, இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டை வைத்துக் கும்பிடுவார்கள். லின்னின் கணவர் போன இலையுதிர் காலத்தில் இறந்தார். புதைத்தது இங்கேதான். அவர் இறந்த பின் வரும் முதல் சிங்மிங் இது. சீனாவில் குடும்பக் கல்லறையில் மைத்துனர் வீட்டார் நிற்க, இங்கே லின் நிற்க, போனில் ஒருவரையொருவர் பார்த்தபடி ஒன்றாகக் கும்பிடுவதாக ஏற்பாடாம்.

"இப்போதே போங்கள்" என்றேன்.

"அவர்கள் கும்பிட்டு முடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்" என்றார் லின். பிறகு பாத்திரம் கழுவப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "இஞ்சருங்கோ... உங்கட அப்பாவின்ர ஆடி அமாவாசையை எந்தச் சனிக்கிழமைக்கு மாத்தினனீங்கள்?"

மாற்றியதே இல்லை! வருடா வருடம் அட்டவணையில் நான் முதலில் எழுதும் லீவே அதுதான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை — கேட்க வேண்டிய ஆளே நான்தானே?

மறுநாள் லின்னிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவின் நாளைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். "அது எப்போது?" என்று கேட்டு, அட்டவணையைப் புரட்டினார். என் பெயருக்கு நேரே லீவு. எனக்குப் பதிலாக யார் என்று இன்னும் எழுதவில்லை. லின் என் பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.