டோக்கன் நாற்பத்தேழு

நம்பினால் நம்புங்கள், இது கட்டுக்கதை இல்லை. படப்பை சந்திரலேகாவுக்குப் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலை. ஏழு வருஷத்துக்கு முன் மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்தவள். வேலைக்குச் சேரும்போது மெடிக்கல் ஃபாரத்தில் 'ஆபரேஷன் ஏதும் இல்லை' என்று எழுதிவிட்டாள். உண்மையைச் சொன்னால் யார் வேலை தருவார்கள்? இப்போது குடல் பாதி அடைத்து ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் அதே பொய்தான். கம்பெனி காதுக்குப் போனால் பிழைப்பில் மண். ப்ளஸ் டூ படிக்கும் மகள் பூஜாவுக்கு இவளை விட்டால் நாதியில்லை.

குடலிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்து, புற்று என்றார் டாக்டரம்மா. மறுநாள் காலை எட்டு மணிக்கு வெட்டி எடுப்பதாக ஏற்பாடு.

மதியம் 2.10. ஸ்கேன் அறை வாசல். வெளியே கொட்டும் மழை... கையில் டோக்கன் 47.

பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அதே கம்பெனி யூனிஃபார்ம். ஐடி கார்டில் மாடத்தி என்று பெயர். செருப்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. மேலே ஃபேன் 'கிறீச்... கிறீச்...' என்று சுற்றியது. அவள் துப்பட்டா மட்டும் அசையவில்லை.

அவள் கையிலும் டோக்கன் 47.

"எனக்கும் மொதல்ல நெஞ்சுலதான் வந்துச்சு. யாருட்டயும் சொல்லல. நீயாவது சொல்லிருட்டி."

சந்திரலேகா அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இவளுக்கு எப்படித் தெரியும்?

டிங்... டோக்கன் மணி.

திரும்பினாள். நாற்காலி காலி.

தொட்டாள்.

ஐஸ்.

டாக்டரம்மா அறைக்கு ஓடினாள்.

"மேடம், ஒண்ணு மறைச்சிக்கினு இருந்தேன். வேலை போனாலும் போவட்டும்."

ஆபரேஷன் நின்றது. குடலில் எடுத்த சதையை மறுபடி சோதித்தார்கள். நான்காம் நாள் தெரிந்தது, அது குடலில் பிறந்த புற்றே இல்லை. பழைய மார்பு நோய்தான் ஏழு வருஷம் பதுங்கியிருந்து, குடல் புற்றுபோல வேஷம் கட்டியிருந்தது. வெட்ட வேண்டாம், மருந்தே வேறு என்றார் டாக்டரம்மா. சந்திரலேகா வாய்விட்டு அழுதாள்.

சொல்லச் சொன்னது யார் என்று அவர் கேட்டார். மாடத்தி பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா அந்தப் பெயரை மறுபடி சொல்லச் சொன்னார்.

மாடத்தி அவருடைய நோயாளி. குடலை வெட்டி, குடல் புற்றுக்கான மருந்தையும் ஏற்றி, பிழைக்காமல் போனவள். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மார்பில் நோய் இருந்ததாக அவள் ஃபைலில் ஒரு வரிகூட இல்லை.

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. லேபில் பத்திரப்படுத்தியிருந்த மாடத்தியின் குடல் சதையை மறுபடி சோதிக்கச் சொன்னார்.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது.

மார்புப் புற்று.