அஞ்சு நிமிசத் தியானம்

விளக்கெண்ணெய் வாசம் வந்தால் எனக்குத் தியானம்தான் ஞாபகம் வரும். பொன்னமராவதி தியான வகுப்பில் காலையில் கால்மணி நேரம் உட்காரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆசை அடங்குமா? காலையும் மாலையும் மணிக்கணக்கில் உட்கார்ந்தேன். உச்சந்தலை தோசைக்கல்லாய்க் காய்ந்தது, நெற்றிக்குள் வண்டு சுற்றியது, தூக்கம் போயே போய்விட்டது.

"அமைதி வேணும்னு உக்காந்த மனுசன், தட்டு கீழ விழுந்தாக்கூட சண்டைக்கு வாறாரு" என்று மனைவி சூடு தணிய எண்ணெயைத் தலையில் அப்பி, வகுப்புக்கே பஸ் ஏற்றிவிட்டாள்.

என்னைவிட இளையவரான ஆசிரியை, எண்ணெய் வழியும் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கொஞ்ச நாளைக்கு அஞ்சு நிமிசம் போதும் சார். அப்புறம் வெறுங்காலோட மண்ணுல நடங்க, நல்லாச் சாப்பிடுங்க."

"இருபது நிமிசம்?"

"அஞ்சு."

"ஒரு பத்தாச்சும் குடுங்க மேடம்."

"கத்திரிக்காயா வாங்குறீங்க? ஒங்களுக்குத் தூக்கம் வேணுமா, வேணாமா?"

வேணும். சந்தையில் பேரம் படியாதவன்போல முனகிக்கொண்டே அஞ்சுக்குச் சம்மதித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்ப வாரேங்க" என்றேன்.

அவர் வழியனுப்ப வாசல்வரை வந்தார்.

"வாங்க சார். பஸ்ல கண்ண மூடி உக்காந்துறாதீங்க. ஜன்னல் வழியா ஆடுமாடப் பாத்துக்கிட்டே போங்க."