நானும் கைதட்டிய மாநாடு

மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது, அதற்கு முந்தைய சில வருடங்களின் நினைவு எனக்கு அடியோடு அழிந்திருந்தது. மருத்துவமனையில் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கதைகளை ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னவன் நண்பன் குமார்.

சமீபத்தில் மாமல்லபுரத்தில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு என்னை அழைத்திருந்தான். "இத நான் தனியாளா ஆரம்பிச்சேன்" என்று மேடையில் அவன் சொன்னபோது நானும் கைதட்டினேன்.

பக்கத்திலிருந்த பெண் திகைத்துப்போனார். "இன்னாண்ணா, நீங்க போயி கைதட்டிகினு கீறீங்க? மொத மாநாட்ட நீங்களும்தானே இழுத்துப் போட்டுகினு நடத்துனீங்க? படூர்ல வூடு வூடா வந்து கூப்டீங்களே!" என்று தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நான் நின்றிருந்தேன்.

குமாரிடமே கேட்டேன். "உனக்குத்தான் ஞாபகமே இல்லியே மச்சான்" என்றான்.

அவன் சொன்ன மற்ற கதைகளை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.