கிருஷ்ணம்மா போடாத உப்பு

கிருஷ்ணம்மாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியதும் பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்து, என் நாசி கண்டார் சோற்றுக் கடையில் மசாலா அரைக்கச் சேர்ந்தார். பதினாறு வருஷம். சர்புதீன் பாய்க்குச் சமைக்கத் தெரியும், வாயை அடக்கத் தெரியாது என்று என்னைப் பற்றி ஊரே சொல்லும். அந்த வாயை அத்தனை வருஷமும் பொறுத்துக்கொண்டவர் அவர் ஒருத்தர்தான்.

நோன்பு மாதத்தில் எனக்காக அவர்தான் உப்புப் பார்ப்பார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு, "போதும் பாய், இனி கை வைக்காதீங்க" என்பார். முப்பது நாளும் அவர் நாக்குதான் என் நாக்கு. பெருநாள் முடிந்ததும் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வேன். சமையல்காரன் ரோஷம், வேறென்ன!

போன வருஷம் நோன்புக்கு முன்னால் எனக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். பெருநாள் காலையில் என் மனைவி மஜீதா கொடுத்த தேத்தண்ணீர் இனிக்கவே இல்லை. "சீனி போட மறந்துட்டியா?" என்றேன். "மூணு கரண்டி போட்டிருக்கேன்லா!" என்றாள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கறி மணத்தது, மிளகாய் சுரீரென்று உறைத்தது. நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

உப்பை அள்ளி அள்ளிப் போட்டேன். "அலமாக், பாய், கடல் தண்ணியா இது?" என்று சாப்பிட வந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் மதியம், கூட்டம் நெரியும் நேரம், கிருஷ்ணம்மா என் மீன் கறிச் சட்டியில் தேங்காய்ப் பால் ஊற்றுவதைப் பார்த்தேன்.

"நீதானா என் சட்டியில கை வைக்கிறது? உப்பக் கொட்டி என் பேரக் கெடுக்கிறியா?" என்று கத்தினேன். அதுவரை 'நீங்க' என்றே பேசிய வாய். கடையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவர் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு தட்டுகள் பாதிச் சோற்றோடு திரும்பின. மஜீதா என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். டாக்டர் லோஷினி என் நாக்கில் உப்புத் தண்ணீர் விட்டார், சீனித் தண்ணீர் விட்டார். இரண்டும் எனக்குப் பச்சைத் தண்ணீர்.

"நாக்குல சின்னச் சின்ன மொட்டு இருக்கு அங்கிள், அதுக்குள்ள ருசி பார்க்கிற செல். உப்பு நேரா செல்லுக்குள்ள நுழையும். இனிப்பும் கசப்பும் செல் மேல இருக்கிற ஏற்பியில வந்து ஒட்டிக்கும். செல் நரம்புக்குச் சொல்லும், நரம்பு மூளைக்குச் சொல்லும். இந்த மாத்திரை சில பேருக்கு அதைக் கெடுத்துடும்."

"காரம் தெரியுதே டாக்டர்?"

"காரம் ருசியே இல்ல. அது எரிச்சல், அதுக்கு வேற நரம்பு. மணம் மூக்கோட வேலை. மாத்திரைய மாத்தலாம். செல் ரெண்டு வாரத்துல புதுசா வரும், ஆனா ருசி திரும்ப நாளாகும்."

செல் திரும்ப வரும். கிருஷ்ணம்மா?

மறுநாளே சிம்பாங் ரெங்கத்துக்குக் காரை விட்டேன். கிருஷ்ணம்மா தன் தம்பி வீட்டில் இருந்தார். அடுப்பில் ரசம் கொதித்தது. "வாங்க பாய்" என்றவர், என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "உப்புப் பாருங்க" என்றார்.

'சரியா இருக்கு' என்ற பொய் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியல கிருஷ்ணம்மா."

"இன்னும் உப்பே போடல பாய். உங்களுக்கு ருசி தெரியலன்னு பெருநாள் முடிஞ்ச வாரமே எனக்குத் தெரியும். சொன்னா ரோஷப்படுவீங்கன்னுதான் பால் ஊத்தி உப்பக் குறைச்சுச் சமாளிச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னை மன்னிச்சிருங்க. கடைக்கு வாங்க" என்றேன்.

"இங்க யாரு இருக்கா கேக்க? அத்தன பேரு முன்னால கத்தினீங்க, அங்க போய்ச் சொல்லுங்க."

"சொன்னா வருவீங்களா?"

"வர மாட்டேன் பாய். முட்டைப் பண்ணையில சேர்ந்துட்டேன். ஆனா சொல்லுங்க."

மறுநாள் மதியம் கடை நிறைந்திருந்தபோது கரண்டியைக் கீழே வைத்தேன். "அன்னிக்கு உப்புப் போட்டது கிருஷ்ணம்மா இல்ல, நான்தான். என் சட்டியக் காப்பாத்தினவங்களத்தான் நான் திட்டினேன்" என்றேன். எல்லாரும் கேட்டார்கள். கேட்க வேண்டியவர் அந்நேரம் சிம்பாங் ரெங்கத்தில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.