பக்கத்து வீட்டுச் சூனியக்காரி

பூமியின் தென்பாதியில் நான் அகதியாக வந்து சேர்ந்த த பேசின் என்ற ஊரில், புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும் ஜூன் மாதக் காலைகளில், பக்கத்து வீட்டு மார்கரெட் வெறுங்காலோடு தன் வீட்டு வளவில் நிற்பார். அறுபது வயதிருக்கும். யூகலிப்டஸ் மரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக் கண்களை மூடியிருப்பார். என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாள் வேலிக்கு இப்பால் நின்று கேட்டேன். "ஐ ஆம் எ விச்" என்றார். எனக்குத் தெரிந்த 'விச்' என்றால் 'எது' என்று அர்த்தம். எதைக் கேட்கிறார் என்று விளங்காமல் மரத்தைக் கைகாட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

என்னோடு படகில் வந்து ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரன் யூட்டுக்கு, நான் சொன்னதுமே விஷயம் விளங்கிவிட்டது. "அந்த மனிசி சூனியக்காரியடா. அவ தாறது ஒண்டையும் தின்னாத."

"ஓம்" என்றேன். அடுத்த நாளே அவர் சுட்டுத் தந்த பாண் ரொட்டியைத் தின்றேன். ஆளை அறிய அவ்வளவு ஆசை. அவருடைய சமயம் விக்கா; இயற்கையை வணங்கித் தங்களை 'விச்' என்று சொல்லிக்கொள்பவர்களின் சமயம். அதன் புத்தகங்கள் குளிர்காலப் பண்டிகையை டிசம்பரில் வைத்திருக்க, அவர் ஜூனில் கொண்டாடினார். "புத்தகம் எழுதினவர்கள் வடக்கே இருந்தார்கள். இங்கே குளிர்வது என் கால்" என்றார்.

அந்த வாரம் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் கரைக்குக் களைநாசினி அடிக்கும்படி, நான் தோட்ட வேலை செய்த இடத்து முதலாளி என்னை அனுப்பினார். தற்காலிக விசாக்காரன் வேலையில் மறுத்துப் பேசுவதில்லை. மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்துகொண்டு போனபோது, மார்கரெட் முழங்கால் தண்ணீரில் நின்றார். ஏசவில்லை. "இதில் தவளைகள் இருக்கின்றன. முதலில் இறங்கிப் பார்" என்றார்.

சப்பாத்தைக் கழற்றக் கை வரவில்லை. வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒருவர் காலடியில் மற்றவர் கால் வைத்து நடந்தோம். எனக்கு முன்னால் போன அண்ணன் ஒரேயொரு அடி விலத்தி வைத்தான். அதன் பிறகு வெறுங்காலோடு நான் மண்ணை மிதித்ததில்லை. அதையெல்லாம் சொல்ல ஆங்கிலம் இல்லாமல், நிலத்தைக் காட்டி "மைன்" என்றேன். மிதிவெடி என்று அவருக்கு விளங்கவில்லை.

"ஓம், உன்னுடையதும்தான்" என்று தலையாட்டினார்.

நான் திருத்தவில்லை. கழற்றிவிட்டு இறங்கினேன். விரல்களுக்கிடையே சேறு பிதுங்கியது. கல்லிடுக்கில் நகம் அளவுத் தவளையொன்று என்னைப் பார்த்தது.

முதலாளியைத் தொலைபேசியில் அழைத்து, களையைக் கையால் பிடுங்கித் தருகிறேன் என்றேன். வியாழனுக்குள் முடி என்றார். நானும் மார்கரெட்டும் மூன்று நாள் பிடுங்கினோம். கடைசி நாள் யூட்டும் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான்.

வேலை முடிந்த பின்னேரம் மார்கரெட் வெயிலைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் நின்றார். குளிர்காலச் சூரியன் இங்கே வடமேற்கில் சாய்கிறது. இலங்கையும் அந்தப் பக்கந்தான் என்றான் யூட். அங்கிருந்து வந்த வெயில் முகத்தில் சுட்டது. கணுக்கால்வரை இந்த ஊர்ச் சேறு குளிர்ந்துகொண்டிருந்தது.