வாசலில் வெட்டிய வேன்

எங்கள் வீட்டு வாசலில் நின்ற வேனை வெட்டிப் பழைய இரும்பாக்கியது என்னுடைய முடிவு. அதனால்தான் அம்மாவுக்கு வேலை போயிற்று என்று எங்கள் ஊரான வடக்குத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனாலும் அதே வேன் மறுபடி அதே இடத்தில் நின்றால், மறுபடியும் வெட்டத்தான் சொல்வேன்.

அப்பா அந்த வேனைப் பல ஆண்டுகள் ஓட்டினார். விடியலில் எங்கள் வாசலிலிருந்து கிளம்பி, கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றி, முதல் ஷிப்டுக்கு நெய்வேலிச் சுரங்க வாயிலில் இறக்கிவிடுவார். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அம்மாவும் அவர்களுடைய ஒப்பந்தக்காரரிடமே துப்புரவு வேலை பார்த்ததால் வாசலிலேயே ஏறி, போகவர அதே வண்டியில் உட்கார்ந்திருப்பார். சர்க்கரை நோயால் அப்பாவின் பார்வை மங்கிய பிறகு வேன் நின்றுபோனது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றும் காலாவதியானது. இரண்டு ஆண்டுகளாக அது குளியலறைச் சுவரை ஒட்டி நின்றது. வெயிலில் நன்றாகக் காயும் அதன் கூரைமேல் அம்மா மோர்மிளகாய் வற்றல் போடுவார்.

நான் பொருளாதாரத்தில் முதுகலை முடித்து, போட்டித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார்.

"இன்னாண்ணே, வண்டிய இப்பிடி துருப்புடிக்க வுட்டுட்டு ஒக்காந்துகினு இருக்கீங்க? ஆர்.சி. புக்கோட எங்களுக்குக் குடுத்துடுங்க. இன்ஜின் நாங்க மாத்திக்கிறோம். ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சா மாப்ள மாதிரி நிக்கும்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. தன்னை மறந்துவிட்ட வேலை, தன் வண்டியையாவது நினைவில் வைத்திருக்கிறதே என்ற மலர்ச்சி அது. சூப்பர்வைசர் அதே மூச்சில் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"எக்கா, ஒங்க கேட் பாஸு இந்த மாசத்தோட முடியுதுல்ல? கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்."

அந்தப் பாஸ் இல்லாமல் சுரங்க வாயிலைத் தாண்ட முடியாது, வேலையும் கிடையாது.

"எஃப்.சி. இல்லாத வண்டியில ஆள் ஏத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"பாப்பா, ஊருக்குள்ள போற ரோட்டுல எவன் வந்து எஃப்.சி. கேக்கப் போறான்? அது மெயின் ரோட்டுப் பக்கமே வராது. நீ பரிச்சைக்குப் படி."

அவர் போன பிறகு அப்பா பெட்டியைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைத்தார். நான் உடனே மறுத்துப் பேசவில்லை. மறுப்பதென்றால் எதிர்ப்பக்க நியாயத்தையும் தெரிந்துகொண்டு மறுக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். வேன் நின்ற பிறகு அந்தக் கிராமத்துப் பெண்கள் பேருந்து நிறுத்தத்துக்கு இருட்டில் நடக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் அவர்கள் படும் பாட்டையும் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு சான்றிதழ் இல்லை என்பதற்காக மட்டும் அவர்களை நடக்கவிட எனக்கு உரிமை இல்லை. ஆகவே வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன்.

நெய்வேலியைச் சுற்றி வாழாதவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்து தேய்ந்து கழிக்கப்பட்ட கன்வேயர் பெல்ட், கட்டைவிரல் கனத்துக்கு இருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர், எங்கள் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் கிடக்கும். மாட்டுக்கொட்டகையில் தரை அதுதான். சாக்கடைக்கு மூடி அதுதான். கதவில்லாத குளியலறைக்குக் கதவும் அதுதான். சிமெண்டின் மீது இல்லாத நம்பிக்கை எங்களுக்கு பெல்ட்டின் மீது உண்டு. கூடுதல் ஆட்கள் உட்காரட்டும் என்று அப்பா பின் சீட்டுகளைக் கழற்றியிருந்தார். தரைத் தகட்டில் முதல் ஓட்டை விழுந்தபோது அவர் வெல்டரைத் தேடவில்லை. பெல்ட்டை அளந்து வெட்டி, ஓரம் சேர்த்து விரித்துவிட்டார். பெண்கள் அதன்மேல் கால் நீட்டி உட்கார்ந்து போனார்கள். "பஞ்சு மெத்தையாட்டம் கீது" என்று பாராட்டவும் செய்தார்கள்.

கடப்பாரையால் அதன் ஒரு மூலையை நெம்பித் தூக்கினேன். கீழே எங்கள் வாசல் தெரிந்தது. வாசலில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

சுரங்கத்துச் சேறும் மழைத் தண்ணீரும் பெல்ட்டுக்கு அடியில் இறங்கி, ஒருநாளும் காயாமல், ஆண்டுக்கணக்கில் தகட்டைத் தின்றிருந்தன. நடுவிலிருந்து பின்கதவு வரை தரை என்று ஒன்று இல்லை. குறுக்குச் சட்டங்கள் அப்பளம்போல் கையில் நொறுங்கின. ஓட்டையை மூடப் போட்ட ரப்பர்தான் ஓட்டையை வளர்த்திருந்தது.

அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா குனிந்து, தடவிப் பார்த்து நிமிர்ந்தார்.

"அதான் பெல்ட்டு இருக்குதுல்ல? நெலக்கரியவே சொமந்த பெல்ட்டு, ஆளத் தாங்காதா?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மா இன்னும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இதும்மேலயா என்னக் குந்த வெச்சி இட்டுகினு போன?"

"ஒண்ணும் ஆவலயே."

"ஆயிருந்தா ஒனக்கா ஆயிருக்கும்? நீ முன்னால ஸ்டீரிங்கப் புடிச்சிகினு ராஜாவாட்டம் போன. நாங்க இல்ல பின்னால கும்பலா குந்திகினு, சோத்து டப்பாவ மடியில வெச்சிகினு, பாட்டு வேற பாடிகினு வந்தோம். நல்லவேளை, ஒன் வூட்டுக்கு வாக்கப்பட்டு நான் எளச்சிக் கெடந்தேன். ஒடம்பு வெச்சிருந்தா அன்னிக்கே ரோட்டுல எறங்கியிருப்பேன்."

"ஒரு தகடு வெல்டு வெச்சா சரியாப் பூடும்."

"எதுமேல வெப்ப? கோழி மேலயா?"

எங்கள் தெருவில் காஸ் கட்டிங் வேலை செய்யும் அண்ணனை அழைத்து வந்து காட்டினோம். வெல்டு பிடிக்க இரும்பே மிச்சமில்லை என்று அவரும் சொன்னார். ஆனால் அப்படியே விற்றால் வாங்குகிறவர்கள் எங்களைப் போல் பெல்ட்டைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லை. அதன்மேல் இன்னொரு பெல்ட்டை விரிப்பார்கள். மறுபடி அந்தப் பெண்களே ஏறுவார்கள். இந்த வேன் ஓடவே கூடாது என்ற முடிவுக்கு நான் வந்தது அங்கேதான். அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை.

"வெட்டிட்டா பாஸ் வராமப் போகலாம்மா."

அம்மா கூரைமேல் காய்ந்த மிளகாய் வற்றலை முறத்தில் வாரி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"பாஸு என் பேர்ல இருக்குது. அத நான் பாத்துக்கறேன். நீ வண்டியப் பாரு."

பழைய வாகனங்களை முறைப்படி உடைக்கும் மையம் தொலைவில் இருந்தது. தரையில்லாத வேனை அவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல யாரும் முன்வரவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தேன். வண்டியின் அடிச்சட்டத்தில் சேசிஸ் எண் பொறித்த இரும்புத் துண்டையும் ஆர்.சி. புத்தகத்தையும் மனுவோடு கொண்டுவந்தால் பதிவை நீக்கலாம் என்றார்கள். அந்த எண் இருக்கும்வரை எந்த ஓட்டை வண்டியிலும் அதைப் பொருத்தி ஓட்டலாம். எனவே முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான்.

கட்டிங் அண்ணன் ஒருநாள் லீவு போட்டு, ஆக்சிஜன் சிலிண்டரையும் காஸ் சிலிண்டரையும் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி வந்தார். தீப்பிடிக்கும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று பெல்ட், சீட்டுப் பஞ்சு, ஒயர், பேட்டரி எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றிவிட்டிருந்தேன். இரண்டு வாளி மணல் வைத்தேன். காய்ந்த துணிகளை எடுத்துவிடும்படி பக்கத்து வீட்டிலும் சொன்னேன். "மைன்ஸ் சேஃப்டி ஆபீசர் ஒங்கிட்ட வந்து பாடம் படிக்கணும் பாப்பா" என்று அவர் கேலி செய்தார்.

டீசல் டேங்கைக் கழற்றத் தொடங்கும்போதுதான் அப்பா குளித்து, திருநீறு பூசி, தாம்பாளத்தில் சூடத்துடன் வந்தார். சோறு போட்ட வண்டியைக் கும்பிடாமல் வெட்டக் கூடாது என்றார்.

"அண்ணே, டேங்கு கழட்டிட்டு ஏத்துங்கண்ணே! வண்டிக்குச் சாமி கும்புடறேன்னு எங்களயும் சேத்துக் கொளுத்திடாதீங்க!" என்று கட்டிங் அண்ணன் கத்தினார்.

டேங்க் இறங்கி, அதில் தண்ணீர் நிரப்பி, ஓரமாக வைக்கும் வரை அப்பா தாம்பாளத்தோடு நின்றார். பிறகு போனட்டின் மேல் சூடம் ஏற்றிக் கண்ணை மூடினார். அவரிடம் வெற்றி பெற்றதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

"மொதல்ல கூரைய எடுத்தாத்தான் கை நல்லாப் போவும்" என்றார் அண்ணன். எண்தான் முதலில் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். முணுமுணுத்தபடி அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்தார். நீலச் சுடர் சட்டத்தைத் தொட்டது. ஆரஞ்சுப் பொறிகள் மண்ணில் உருண்டன. ஒரு சாண் நீளத் துண்டு கீழே விழுந்தது. இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டபோது அது சீறிற்று.

கூரை இறங்கி, பக்கவாட்டுத் தகடுகள் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் சூப்பர்வைசரின் பைக் வந்தது. யாரோ போன் செய்திருக்க வேண்டும்.

"இன்னாண்ணே இது? நம்பி ஆள் ஏற்பாடு பண்ணிட்டு வந்து நிக்கிறேன்!"

அப்பா தலைகுனிந்தார். அம்மா சுருட்டி வைத்திருந்த பெல்ட்டின் மேல் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, டீ குடிங்க. தரை இல்லாத வண்டிய ஒங்களுக்கு எப்பிடிக் குடுக்கறது? நீங்க ஒரு நாளு பின்னால குந்திகினு கம்மாபுரம் போயிட்டு முழுசா வந்திருந்தா, மறுநாளே எழுதிக் குடுத்திருப்போம்."

"சரி, போவட்டும். சேசிஸயாவது புக்கோட குடுங்க."

நான் வாளியைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். தண்ணீருக்கடியில் கிடந்த துண்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிய விதத்தில், அவருக்கு எது வேண்டியிருந்தது என்பது எனக்கு விளங்கிற்று.

"பாஸ் விசயம் ஞாபகம் இருக்கட்டும்க்கா."

"இருக்குது. நீங்களும் ஞாபகம் வெச்சிக்குங்க. இத்தினி வருசத்துல நான் ஒரு நாளு லேட்டு கெடயாது."

தேநீர் குடிக்காமல் போனார்.

என் கவனத்துக்குத் தப்பியது ஒன்று உண்டு. சக்கர வளைவுகளின் உட்புறத்தில் தார் பூசியிருந்தது எனக்குத் தெரியாது. சுடர் பட்டதும் அது கரும்புகையாகக் கிளம்பிப் பக்கத்து வீட்டுச் சுவரில் படிந்தது. "ஊருக்கு நல்லது பண்றவ வூட்டுப் பொக எங்க வூட்டுலதான் வந்து வுழுவுது" என்று அந்த வீட்டு அத்தை சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடுத்த வாரம் அந்தச் சுவருக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். இரும்பு எடைக்குப் போயிற்று. அப்பா கையெழுத்திட்ட மனுவோடு எண் துண்டும் புத்தகமும் அலுவலகத்துக்குப் போய், பதிவு நீங்கியது.

மாதம் பிறந்தது. சுரங்க வாயிலில் சூப்பர்வைசர் பாஸ் வந்தவர்களின் பேரை வாசித்தார். அம்மாவின் பேர் இல்லை. காரணம் கேட்டதற்கு, "மேல இருந்து வரல" என்றார். நான் தொழிலாளர் துறைக்கு மனு எழுதினேன். அம்மா கையெழுத்துப் போட்டார். பதில் இன்னும் வரவில்லை.

மனுவோடு அம்மா நிற்கவில்லை. மறுநாளும் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, சோற்று டப்பாவை நிரப்பி, பேருந்து பிடித்து, பேர் வாசிக்கும் இடத்தில் போய் நின்றார். "எதுக்குக்கா சும்மா வந்து நிக்கிறீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம். "வேல இல்லன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, போயிடறேன்" என்றாராம் அம்மா. அவர் எழுதித் தரவில்லை. ஷிப்ட் சங்கு ஊதும்வரை நின்றுவிட்டு அம்மா திரும்புகிறார். கம்மாபுரம் பக்கத்துப் பெண்கள் உள்ளே போகாமல் கடைசி நிமிடம்வரை அவரோடு நிற்கிறார்களாம்.

நான் செய்ததன் விலையை அம்மா கொடுக்கிறார் என்பதை எந்த வாதத்தாலும் நான் மாற்ற முடியாது. மாற்ற முயலவும் இல்லை. அந்தப் பெண்களில் ஒருவரும் தெருவில் விழவில்லை. அது நான் வேனை வெட்டியதால்தான் என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது, நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கிடையாது.

இன்று காலை நல்ல மழை. வாசலெல்லாம் தண்ணீர். இன்றைக்கு ஒருநாள் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"மழன்னு நான் வூட்டுல குந்திகினா, இன்னிக்குன்னு பாத்துப் பேர வாசிச்சிட்டு, ஆளு வரலன்னு எழுதிப்பான்" என்று சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மா தண்ணீரில் இறங்கினார்.