இரண்டு மீட்டர்களுக்குப் பெயர் வைத்த கதை

துவாக்குடிப் பக்கம் வால்வு சோதிக்கும் ஒரு பட்டறையில் நானும் என் தோழியும் வேலை பார்த்தோம். இருவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாகவே பஸ்ஸில் போவோம். சோதனை மேடைகள் இரண்டும் என் பொறுப்பு. அவற்றின் பிரஷர் மீட்டர்களைப் படித்துச் சான்றிதழ் அச்சடிக்கும் லினக்ஸ் புரோகிராம் அவள் எழுதியது.

அந்தப் புரோகிராமுக்கு முதல் மேடை ttyUSB0, இரண்டாவது ttyUSB1; USB-யில் செருகும் கருவிகளுக்கு லினக்ஸ் தானாகக் கொடுக்கும் பெயர்கள் அவை. ஆனால் கம்ப்யூட்டர் எந்த மீட்டரை முதலில் கண்டுகொள்கிறதோ அதற்குத்தான் பூஜ்யம். ஒருமுறை கரண்ட் போய் வந்ததும் இரண்டும் இடம் மாறி, ஒரு மேடையின் அளவு மற்ற மேடையின் சான்றிதழில் ஏறியதைக் கண்டு அவளிடம் சொன்னேன்.

"விடுடி, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் நம்பினேன்.

அடுத்த மாதமே ஒழுகிய வால்வு ஒன்று பாஸ் சான்றிதழுடன் வெளியே போய்த் திரும்பி வந்தது. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"புரோகிராம் சரியாத்தான் இருக்கு சார். அவங்கதான் ஒயரை மாத்திக் குத்தியிருப்பாங்க" என்றாள்.

அவங்க! ஐந்து வருஷமாக என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டவள். "இனிமே பாத்து செய்யுங்கம்மா" என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமை நானே உட்கார்ந்தேன். மீட்டரின் USB கேபிளிலுள்ள சீரியல் நம்பரை வைத்து அதற்கு மாறாத பெயர் கொடுக்கலாம் என்று படித்திருந்தேன். பார்த்தால் இரண்டு கேபிளிலும் அப்படி ஒரு நம்பரே இல்லை. அதனால் கம்ப்யூட்டரின் எந்த USB ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து, கருவிகளுக்கு லினக்ஸில் பெயர் வைக்கும் udev விதி எழுதினேன். மேல் ஓட்டைக்கு medai1, கீழ் ஓட்டைக்கு medai2. புரோகிராமிலும் அந்தப் பெயர்களையே போட்டேன்.

திங்களன்று மேனேஜர் முன்னால் கம்ப்யூட்டரை ஐந்து தடவை அணைத்துப் போட்டுக் காட்டினேன். பழைய ttyUSB எண்கள் இரண்டு முறை மாறின, நான் வைத்த பெயர்கள் மாறவில்லை.

"அப்ப ஒயர் மேல தப்பில்லையா?" என்று அவளைப் பார்த்தார். என் மேல் போட்ட பழியை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் வந்து நின்றாள். "வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்டி. நீ புரிஞ்சுப்பேன்னு நெனச்சேன்."

"முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருந்தேனே" என்றேன்.

அந்த 'உங்க' அவளுக்குக் கேட்டது. முகம் சுருங்கியது. பஸ் வந்ததும் நான் ஏறவில்லை. அவள் மட்டும் போனாள்.